ஆழ்கடல் மண்ணில் பேரியம்

கல்லூரி மாணவனாக இருந்த காலத்தில் சேலம் மாவட்டத்துப் பக்கநாட்டுப் பாறைகளைக் காணச் சென்றிருந்தேன். உடன் வந்த ஆசிரியர் வெளிறிய கல்லொன்றை என் கையில் வைத்தார். அளவிற் சிறியதே, ஆயினும் கை தாழ்ந்தது. அதுதான் பேரைட், அதாவது பேரியம் சல்பேட். பளுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது.

சில ஆண்டுகளுக்குப்பின் நூலகமொன்றில் வங்காள ஆசியக் கழகத்தின் பழைய இதழைப் புரட்டுகையில் அதே பொருளை மீண்டும் சந்தித்தேன், மலையிலன்று, கடலில். 1880-களில் கொழும்புக்கு அப்பால் 675 பாக ஆழத்தில் இழுத்த வலையில் கல்லுருண்டைகள் அகப்பட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த ஜோன்ஸ் அவற்றைப் பகுத்துப் பார்த்தார். முக்காற் பங்குக்கு மேல் பேரியம் சல்பேட்!

இது வியப்புக்குரியது. ஏனெனில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 5 முதல் 20 மைக்ரோகிராம் பேரியமே உண்டு. கடல்நீரின் பெரும்பகுதியில் அது தானே படியும் அளவுக்குச் செறிவும் இல்லை. அங்ஙனமாயின் கடலடியில் அது எவ்வாறு சேர்ந்தது?

கடலடிப் பிளவுகளில் ஊறும் வெந்நீரே காரணம் என்றனர் சிலர். அவ்விடங்களுக்கு அது பொருந்தும். பரந்த ஆழ்கடலுக்குப் போதாது. 1958-இல் கோல்ட்பர்க், அர்ரீனியஸ் இருவரும் பசிபிக் கடல்மண்ணை ஆராய்ந்தபோது, நிலநடுக்கோட்டையொட்டி மேலே உயிர்கள் மிகுதியாக வாழும் பகுதியின் அடியிற்றான் பேரியம் மிகுதி என்று கண்டனர். பின்னர், 1980-இல் தெஹேர் குழுவினர் அட்லாண்டிக் நீரிலேயே மிதக்கும் நுண்ணிய பேரைட் படிகங்களைக் கண்டறிந்தனர். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் இது: மேற்பரப்பில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து, சில நூறு மீட்டர் ஆழத்தில் அழுகும்போது, அந்தத் துணுக்குகளுக்குள்ளே மட்டும் பேரியமும் சல்பேட்டும் செறிந்து படிகமாகின்றன. சுற்றியுள்ள நீருக்கு இயலாததை அழுகும் துகள் செய்துவிடுகிறது! பின் அப்படிகங்கள் அடிமண்ணில் இறங்குகின்றன. ஆகவே பழைய சேற்றில் பேரியத்தை அளந்து, அக்காலக் கடல் எவ்வளவு உயிர்வளம் பெற்றிருந்தது என அறிஞர் கணிக்கின்றனர். சல்பேட் தீர்ந்துபோன சேற்றில் மட்டும் இக்கணக்குப் பொய்க்கும். அங்கே படிகம் கரைந்து, பேரியம் மேலேறி, வேறோர் அடுக்கில் உருண்டையாகத் திரள்வதும் உண்டு.

சரி, கடலுக்குப் பேரியம் வந்தது எங்கிருந்து? பெரும்பங்கு நம்மைப்போன்ற நிலத்தினின்றே. சேலம், நாமக்கல் சமவெளிப் பாறைகளிலுள்ள பெல்ஸ்பாரில் பொட்டாசியத்தின் இடத்தைப் பேரியம் சிறிதளவு பிடித்திருக்கும். மழையில் பாறை சிதைகையில் சிறிது கரைகிறது. மிகுதி களிமண்ணைப் பற்றிக்கொள்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலத்தைக் கடக்கும் திருமணிமுத்தாறு, நன்செய் இடையாற்றில் அவற்றைக் காவிரியிடம் ஒப்படைக்கிறது. உப்புநீர் கலக்கும் கழிமுகத்தில் களிமண் தன் பிடியைத் தளர்த்த, பேரியம் நீருக்குப் போகிறது. கங்கை, பிரம்மபுத்திரா கழிமுகத்தில் 1993-இல் வெளியான ஆய்வொன்று இதனை நன்கு காட்டியது.

ஆனால் 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்குப்பின், மேற்கிலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்குகிறது. திருமணிமுத்தாறு சேருமிடமோ அணைக்குக் கீழே. அணைக்குமேல் சிதையும் பாறையின் களிமண், கடலைக் காணாமலே நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்து கிடக்கிறது.