நீடூர்க் கல்லில் காரிகை

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், நீடூர்ச் சிவன் கோயிலில் குலோத்துங்கன் காலத்துப் பாட்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கண்டன் மாதவன் என்னும் தலைவனின் குலப்பெருமையைப் பாடவந்த அந்தக் கல், அவன் முன்னோர் அமிதசாகரரை அழைத்துக் குளத்தூரில் இருத்திக் காரிகை பாடவைத்ததையும் சொல்கிறது. ஒரு யாப்பு நூல் பிறந்த செய்தியைக் கோயில் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள்! தமிழாசிரியனான எனக்கு அதை நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடும்.

அமிதசாகரர் சமணர். முதலில் யாப்பருங்கலம் செய்தார். பிறகு அதைச் சுருக்கி, ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதுபோலக் கட்டளைக் கலித்துறையில் யாப்பருங்கலக்காரிகையைப் பாடினார். ஒற்று நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. எண்ணிப் பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும்.

சீரை அசையாகப் பிரித்து அலகிடுவது கடினம் என்று மாணவர்கள் மிரளுவார்கள். நான் ஊர்ப்பெயரில் தொடங்குவேன். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும் ஒற்றோடு வந்தாலும் நேர். இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால், பின்னால் ஒற்று வந்தாலும், நிரை. நீ-டூர்: நேர் நேர், தேமா. குளத்-தூர்: நிரை நேர், புளிமா. சிதம்-பரம்: நிரை நிரை, கருவிளம். கும்-பகோ-ணம்: நேர் நிரை நேர், கூவிளங்காய். வாய்விட்டுச் சொன்னால் அசை தானே பிரிந்து நிற்கும்.

தொல்காப்பியர் இவற்றோடு, உகரம் சேர்ந்து வரும் நேர்பு, நிரைபு என்று மேலும் இரண்டு அசை சொன்னார். காரிகை அவற்றைத் தனி அசையாகக் கொள்ளவில்லை. ஆனாலும் அவை முழுக்க மறையவில்லை: வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் அந்தக் குற்றியலுகர ஈறு இன்றும் ஒலிக்கிறது. காசு, பிறப்பில் வெண்பாவை முடிக்கிறவர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே தொல்காப்பியரைத் தொட்டுத்தான் முடிக்கிறார்.

உ.வே.சாமிநாதையர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன்பே, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டவர். அன்று காரிகை தெரியாமல் புலமை இல்லை. இன்று அது இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிப்போனது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியத் தோழர்களே, வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் முன், பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப்பெயரை உரக்கச் சொல்லச் செய்யுங்கள். காது பழகட்டும், கட்டம் போட்டு எழுதுவது பிறகு இருக்கட்டும்.