அபியும் ஜனனியும்: யாருடைய கடுமை கொடிது?

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். மற்றதை மறைத்தால் காளை. திருச்செல்வம் இயக்கிய இரண்டு நெடுந்தொடர்களின் நாயகிகளையும் அப்படி மாற்றி மாற்றி மறைத்துப் பார்க்கலாம். 'கோலங்கள்' (2003–2009) அபி ஒருத்தி, 'எதிர்நீச்சல்' (2022–2024) ஜனனி மற்றொருத்தி. பிடிவாதக்காரி, யாரையும் கேட்காமல் முடிவெடுப்பவள் என்ற பேச்சு இருவர்மீதும் உண்டு. இருவருக்காகவும் வாதாட இடமிருக்கிறது; ஆனால் வாதம் ஒன்றல்ல.

மேலோட்டமான ஒற்றுமைகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அங்கே எதிரி ஆதித்யா என்கிற ஆதி. இங்கே ஆதி குணசேகரன். அங்கே நாயகிக்குத் தோள்கொடுக்கும் தொல்காப்பியனாக இயக்குநரே நடித்தார். இங்கே ஜீவானந்தமாக அவரே வந்தார். இவற்றைவிட வியப்பூட்டுவது நடிகை சத்யப்ரியா. கணவன் கைவிட்ட பின்னும் அபியை வளர்த்து ஆளாக்கிய கற்பகம் அவர்தான். பெற்ற மகன் குணசேகரன் சொல்லே வேதம் என்று மருமகள்களைக் கரித்துக்கொட்டும் விசாலாட்சியும் அவர்தான். அதே முகம் ஒரு தொடரில் அபியின் ஊற்றாகவும் மற்றொன்றில் ஜனனிக்கு எதிரணியாகவும் நிற்கிறது. இயக்குநர் இதை எண்ணிச் செய்தாரோ என்னவோ, இரண்டையும் பார்த்தவர்களுக்கு அது உறைக்கத்தான் செய்யும்.

வேற்றுமை தொடங்குவது உறவுமுறையில். அபி வீட்டுக்கு மூத்த மகள்; அதட்டும் உரிமை பிறப்போடு வந்தது. ஜனனி கடைசி மருமகள். அவள் இடும் உத்தரவு 'அக்கா' என்ற விளியோடுதான் தொடங்க வேண்டும். தங்கைகளிடமும் தம்பியிடமும் அபி காட்டும் கண்டிப்பு பாசமாகப் படிக்கப்பட்டது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்ற மூத்த ஓரகத்திகளிடம் ஜனனி காட்டும் அதே கண்டிப்பு திமிராகப் படிக்கப்பட்டது. நேற்று வந்தவள் எல்லாரையும் ஆட்டிவைக்கிறாள் என்று சொல்பவர்கள் ஒருபுறம். அவள் போடும் திட்டம் ஒன்றாவது உருப்பட்டதா என்று கேட்பவர்கள் மறுபுறம். இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

முதல் கேள்விக்குத் தாராசுரத்தின் பட்டுநெசவே பதில் வைத்திருக்கிறது. கோர்வைக் கரை வைத்துப் புடவை நெய்யும்போது தறியில் ஒருவர் போதாது. கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அந்த நேரத்தில் நெய்பவர் வாயிலிருந்து வருவது உத்தரவு மட்டுமே. தயவுசெய்து என்று இழுத்துக்கொண்டிருந்தால் கரை பிசகிவிடும். குணசேகரன் வீட்டுக் கூடத்தில் ஜனனிக்குக் கிடைத்த அவகாசமும் அவ்வளவுதான். வாசல்படி தாண்டவே அனுமதி கேட்க வேண்டிய வீட்டில், அவன் வெளியே போய்த் திரும்புவதற்குள் நான்கு பெண்கள் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். கலந்து பேசுவது நல்ல பழக்கம். அதற்கு நேரம் வேண்டும், ஒட்டுக்கேட்காத சுவரும் வேண்டும்.

அபிக்கு நேரம் இருந்தது. ஆண்டுக்கணக்கில், 1,500 அத்தியாயங்களுக்கும் மேலாக இருந்தது. ஆனாலும் அவள் வீட்டில் யாரிடமும் எதையும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. பாஸ்கருடனான மணவாழ்க்கையின் கசப்பையும் கட்டுமானத் தொழிலின் நெருக்கடியையும் ஆதியின் சூழ்ச்சியையும் தனியாகவே சுமந்தாள். ஜனனி தன் சுமையை மூன்றாகப் பிரித்துப் பிறர் தலையில் வைத்தாள். அபி பிறர் சுமையையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நம் ஊரில் இரண்டாமவளைத்தான் தெய்வம் என்போம். அபியாக நடித்த தேவயானியின் நிதானமான முகம் அதற்கு உதவியும் செய்தது.

இங்கேதான் எனக்கு வழக்கமான தீர்ப்போடு உடன்பாடில்லை. தன்மீது காட்டும் கடுமைக்கும் பிறர் விலை கொடுக்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்று வளர்ந்த உடன்பிறப்புகளுக்குத் தங்கள் காலில் நிற்கும் பயிற்சியே கிடைக்கவில்லை. அபியின் தியாகம் அவர்களைக் காப்பாற்றியது. அதே தியாகம் அவர்களைச் சிறுபிள்ளைகளாகவே வைத்துக்கொண்டது. ஜனனியின் அதட்டலோ எதிர்த்திசையில் வேலை செய்தது. நந்தினி சமையல் தொழிலில் இறங்கினாள், ரேணுகா நடனம் கற்றுக்கொடுக்கப் போனாள், ஈஸ்வரி குணசேகரனுக்கு நேராக நின்று பேசக் கற்றாள். கொடுமைக்காரி என்று பெயரெடுத்தவள்தான் படை திரட்டியவள். தெய்வம் என்று பெயரெடுத்தவள் வீட்டுக்குள் கடைசிவரை தனியாள்.

இந்த வழக்கு நம் வீட்டுத் தொலைக்காட்சியோடு முடிவதல்ல. 'கோலங்கள்' தொடங்கிய அதே 2003இல் அமெரிக்காவில் 'பஃபி' என்ற தொடர் நிறைவுற்றது. அதன் கடைசிப் பருவத்தில், ஊரையே அழிக்க வரும் தீமையை எதிர்க்க இளம்பெண்களைத் திரட்டுகிறாள் நாயகி பஃபி. கடுமையாகப் பேசுகிறாள், ஆபத்தான இடத்துக்கு அழைத்துப்போகிறாள், சிலரை இழக்கிறாள். கூட இருந்தவர்களே அவளை அவள் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறார்கள். கடைசிப் போரில் அவள் தனக்கிருந்த வல்லமையை அதற்குத் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கச் செய்கிறாள். தொடக்கத்தில் அபிபோலத் தனியே சுமந்தவள், முடிவில் ஜனனியின் பாதைக்கு வந்துசேர்கிறாள் எனலாம்.

இரண்டாவது கேள்வி கடினமானது. அபி தவறினால் நட்டம் பெரும்பாலும் அபிக்குத்தான். ஜனனி தவறினால் நட்டம் இன்னொருத்திக்கு. குணசேகரனின் தங்கை ஆதிரையை அவள் விரும்பிய அருணோடு சேர்க்க ஜனனி போட்ட திட்டம் பொய்த்தது. ஆதிரை, தான் விரும்பாத கரிகாலனுக்கு மனைவியானாள். ஜனனியைக் குறைசொல்பவர்களின் வலுவான சான்று இது, எளிதில் தள்ளிவிட முடியாதது. ஆனால் ஜனனி கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தாலும் அந்த வீட்டில் ஆதிரைக்குக் காத்திருந்தவன் அதே கரிகாலன்தான். திட்டம் ஆதிரையின் நிலையை மோசமாக்கவில்லை, மாற்றத் தவறியது. கூட நின்றவர்களும் அப்படித்தான் கணக்கிட்டார்கள் போலும். முணுமுணுப்பு இருந்தது, நந்தினியிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆனாலும் பஃபிக்கு நேர்ந்தது ஜனனிக்கு நேரவில்லை. மூன்று ஓரகத்திகளும் அடுத்த சண்டைக்கும் அவள் பக்கமே நின்றார்கள்.