செம்பும் களிம்பும்: பழங்காசுகளைப் பேணும் முறை

திருக்கோயில் திருப்பணி என்பது புதியன படைப்பதோடு அமைவதன்று. முன்னோர் வைத்துச் சென்றவற்றைப் பழுது நீக்கி, அவர்தம் கைவண்ணம் சிதையாமல் பின்வருவோர்க்கு ஒப்படைப்பதும் திருப்பணியே. இதனையே ஆகம நூல்கள் ஜீர்ணோத்தாரணம் என்று போற்றுகின்றன. கல்லுக்கும் சுதைக்கும் உரிய இந்நெறி, விரல் நுனியில் அடங்கும் பழங்காசுக்கும் உரியதென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மஞ்சளாற்றின் பாய்ச்சலால் வளம்பெற்ற வத்தலக்குண்டு, எழுத்தைப் போற்றிய ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' இயற்றிய ராஜமையர் 1872-ஆம் ஆண்டிலும், விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ஆம் ஆண்டிலும் இவ்வூரிலே பிறந்தனர். 1959-இல் 'எழுத்து' என்னும் பெயராலேயே ஓர் ஏடு தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் இவ்வூரைத் தம் ஊராகக் கொண்டவர். நூலில் உள்ள எழுத்தைப் பேணிய இம்மண்ணின் மக்கள், செம்பில் பொறித்த எழுத்தையும் பேணக் கடமைப்பட்டவர்.

இவ்வட்டாரத்தில் காசுகளுக்குக் குறைவிருந்ததில்லை. பழநியை அடுத்த கலையம்புத்தூரில் 1856-ஆம் ஆண்டு ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. கடல் கடந்த வாணிகம் உள்நாட்டின் மலையடிவாரம் வரை எட்டியிருந்தமைக்கு அவை சான்று. பாண்டியரும் மதுரை நாயக்கரும் ஆண்ட காலத்துச் செப்புக்காசுகள் இந்நாட்டில் வழங்கின. 1755-ஆம் ஆண்டு ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்தார்; 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இச்சீமை ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மைசூர் ஆட்சியும் இங்கு நிலவிற்று. யானை உருவம் பொறித்த செப்புக்காசுகள் அவ்வாட்சிக்கு உரியவை. ஆலயங்களில் பீடத்தின் கீழ் நவரத்தினங்களோடு காசுகளை இடும் வழக்கமும் உண்டு. ஆதலின் திருப்பணிக்காக நிலத்தை அகழும்போது பழங்காசுகள் வெளிப்படுதல் வியப்பன்று.

அங்ஙனம் வெளிப்படும் செப்புக்காசு பெரும்பாலும் பச்சைக் களிம்பு மூடிக் கிடக்கும். களிம்பு என்றவுடன் சைவ அன்பர்களுக்குச் சித்தாந்தம் கூறும் உவமை நினைவுக்கு வரும். செம்பிற் களிம்பு போல ஆணவமலம் உயிரைப் பற்றி நிற்கிறது என்பர் பெரியோர். அம்மலம் பரிபாகமுற்று, தக்க ஆசிரியன் அருளால் நீங்க வேண்டும். பக்குவம் வருமுன் வலிந்து நீக்கலாகாது. காசின் களிம்புக்கும் இம்முறை பொருந்துகிறது.

செம்பைப் பற்றும் களிம்பு ஒருவகைப்பட்டதன்று. சில களிம்புகள் இறுகிப் படிந்து, அடியிலுள்ள உலோகத்தை மேலும் கெடாமல் காக்கின்றன. காசின் எழுத்தும் உருவமும் சில வேளை அப்படலத்திலேயே நிலைபெற்றிருக்கும். அதனை அகற்றினால் எழுத்தும் உடன் போகும். மற்றொரு வகை கொடியது. மண்ணிலுள்ள உப்பு செம்போடு கூடிக் குளோரைடாக மாறி உள்ளே தங்கும். ஈரக்காற்றுப் பட்டவுடன் அது வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். அப்போது தோன்றும் அமிலம் எஞ்சிய செம்பையும் அரிக்கும். அதனால் காசு நாளடைவில் பொடியாகிவிடும். முன்னது கவசம், பின்னது நோய். இவ்விரண்டையும் வேறு பிரித்தறிவதே காசு பேணும் கலையின் முதற்படி.

இதனை அறியாதார், வீட்டுச் செம்புப் பாத்திரத்தைத் துலக்குவது போலக் காசையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கின்றனர். சிலர் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கின்றனர். காசு பளபளக்கும், ஆனால் அரசன் பெயர் மறைந்திருக்கும். பின்னர் அது வெறும் செப்புத் தகடே. காசு திரட்டுவோரிடத்தும் அதன் மதிப்புக் குன்றிவிடும்.

எழுத்து ஒன்று பிழைத்தால் விளையும் பயன் எத்தகையது என்பதற்குப் பெருவழுதி நாணயமே சான்று. சங்ககாலத் தமிழ் மன்னர் தம் பெயரிட்டுக் காசு வெளியிட்டிலர் என்ற கருத்து ஒரு காலத்தில் அறிஞரிடையே பரவியிருந்தது. 1980-களின் நடுவில், நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி மதுரையில் கிடைத்த சதுரச் செப்புக்காசு ஒன்றைத் தூய்மை செய்து ஆராய்ந்தார். குதிரை உருவத்தின் மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் புலப்பட்டது. மறுபுறம் மீன் சின்னம் இருந்தது. இலக்கியத்தில் மட்டும் ஒலித்துவந்த பாண்டியர் பெயருக்கு உலோகச் சான்று கிட்டிற்று. புளியிட்டுத் தேய்த்த கை ஒன்று அதனை முந்தியிருந்தால், அப்பெயர் கழுநீரோடு போயிருக்கும்.

இக்கலைக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த மரபு உண்டு. 1851-இல் நிறுவப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தில், 1930-களில் எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர் பழம்பொருட்களைப் பேணும் ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்டதில் அவர் இந்நாட்டிற்கு முன்னோடி. மென்மையான காரக் கரைசலில் பொருளை எதிர்மின் முனையாக வைத்து மின்சாரத்தைச் செலுத்தினால், உள்ளே தங்கிய குளோரைடு வெளியேறும். உட்கரு திண்மையாக உள்ள பொருளுக்கே இம்முறை ஏற்றது. உலோகம் முழுதும் களிம்பாகிவிட்ட காசுக்கு இது கேடாய் முடியும்.

ஆகவே பயிற்சி பெற்றவர் காசைக் கையிலெடுத்தவுடன் கழுவுவதில்லை. முதலில் நிறுத்து, அளந்து, நிழற்படம் எடுப்பர். உலோகம் யாதெனத் தெளிவர். பொன்னாயின் பெரும்பாலும் மண்ணை நீக்கினாலே போதும். செம்பாயின் உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய கருவிகளால் மண்ணைத் துகள் துகளாக அகற்றுவர். உப்பு நோய் கண்டால், சோடியம் செஸ்குயிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை அடிக்கடி மாற்றுவர். பின் வாலை நீரில் அலசி, நன்கு உலர்த்தி, பென்சோட்ரையசோல் என்னும் மருந்தூட்டி, மெல்லிய காப்புப் பூச்சு இடுவர். செய்தவை யாவற்றையும் குறித்து வைப்பர். இயன்ற மட்டும் குறைவாகச் செய்தலே அவர்தம் விரதம்.

பழங்காசு கண்டவர் செய்யத்தக்கவை சில. தேய்த்தல், எண்ணெய் பூசுதல், உருக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விளிம்பைப் பிடித்தெடுத்து, தனித்தனியே உலர்ந்த தாளுறையில் இட்டு, கிடைத்த இடத்தை எழுதி வைக்க வேண்டும். புதைந்து கிடந்தவையாயின் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. அவ்வழியே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த செப்புத் திருமேனிகளும் காசுகளும் எண்ணிறந்தன.

திருப்பணி செய்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மணல் வீச்சால் கருங்கல்லை வெளுக்கச் செய்தபோது, சுவரிலிருந்த கல்வெட்டு எழுத்துக்களும் தேய்ந்த ஆலயங்கள் உள. காசைத் தேய்த்தவர் செய்த பிழையும் அதுவே. பொலிவு வேண்டி மெய்யை இழத்தல் பேரிழப்பாகும். குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், கோபுரத்தோடு கல்வெட்டும், உண்டியலோடு அதிலுள்ள பழங்காசும் பழுதின்றி நிலைபெற இறைவன் திருவருள் துணைநிற்பதாக.