மழை தங்கும் மூலை

பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கச் செல்பவர் பெரும்பாலும் பின்பக்கம் போய் எஞ்சின் அறையைத்தான் முதலில் திறந்து பார்ப்பார். அனுபவசாலியோ வண்டியின் முகத்தருகே சென்று, முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையின் கீழ்மூலையைக் கட்டைவிரலால் அழுத்துவார். விரலுக்கடியில் தகடு உறுதியாக நின்றால் நல்லது. முறுக்கு நொறுங்குவதுபோல் மெல்லிய ஒலி எழுந்தால், வண்ணப்பூச்சுக்கு அடியில் துரு மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பொருள். ஃபோக்ஸ்வாகன் வேனின் எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றிவிடலாம். முகத்தை மாற்றுவது அத்தனை எளிதன்று.

அந்த மூலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. போரில் சிதைந்த ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பூர்க் தொழிற்சாலை அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற அதிகாரி அதை மேற்பார்த்து வந்தார். ஆலைக்குள் உதிரிபாகங்களைச் சுமப்பதற்காக, பீட்டில் காரின் அடித்தளத்தின்மேல் பலகைத் தட்டு ஒன்றைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கார் இறக்குமதி செய்ய வந்த டச்சு வணிகர் பென் பொன்னின் கண்ணில் அது பட்டது. 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டியை வரைந்தார். பின்னால் எஞ்சின், முன்னால் ஓட்டுநர், நடுவில் 750 கிலோ சரக்கு. நவீன வேன்களின் மூதாதை அந்தச் சில கோடுகள்தான்.

1948இல் ஆலையின் தலைமைக்கு வந்த ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்க ஒப்புக்கொண்டார். முதல் தடை காற்று. சிறு மாதிரி ஒன்றைப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது அதன் இழுவைக் கெழு 0.75 என்று வந்தது. தட்டையான முகத்தை உருண்டையாக்கி, முன்கண்ணாடியை நடுவில் பிளந்து, இரு பலகைகளையும் சற்றே பின்னோக்கிச் சாய்த்தார்கள். கெழு 0.44 ஆகக் குறைந்தது. இன்று சட்டைகளிலும் சாவிக்கொத்துகளிலும் அச்சாகும் அந்தப் பிளவுக் கண்ணாடி முகம் காற்றுக்குப் பணிந்து பிறந்தது. வளைந்த கண்ணாடி விலை கூடிய காலத்தில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள் சிக்கனமும்கூட.

இரண்டாவது தடை எடை. 1949 வசந்தத்தில் முதல் சோதனை வண்டி பீட்டிலின் அடித்தளத்தில் ஓடியபோது, சுமை தாங்காமல் தளம் தளர்ந்துபோனது. அதன்பின் நீளவாக்குத் தாங்கிகளோடு உடலையும் தளத்தையும் ஒன்றாகப் பற்றவைத்த கட்டமைப்பு வந்தது. அதாவது, இந்த வண்டியில் தகடுதான் எலும்பு. தகடு இற்றால் எலும்பு இற்றதாகும். 1949 நவம்பரில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்ட வேனின் உற்பத்தி 1950 மார்ச்சில் தொடங்கியது. 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளே எடுத்து வைக்கக்கூடிய மரப்பெட்டி ஒன்றைச் செய்தது. வாரநாளில் சரக்குவண்டி, ஞாயிற்றுக்கிழமை வீடு.

1967இல் இரண்டாம் தலைமுறை வந்தது. பிளவு மறைந்தது. அகலமாக வளைந்த ஒரே கண்ணாடி ஓட்டுநரின் முன் விரிந்தது. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னே மூக்கு கிடையாது. கண்ணாடிக்கு அப்பால் நேராகச் சாலைதான். இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டில்லிக்கும் காத்மாண்டுவுக்கும் வந்த இளைஞர்களில் பலர் ஆசியாவை முதலில் கண்டது அந்தக் கண்ணாடி வழியாகத்தான். 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் அந்த வழியை மூடின. அதே ஆண்டில் ஜெர்மனியில் அந்த வடிவத்தின் உற்பத்தியும் முடிந்தது. பிரேசிலில் மட்டும் 2013 டிசம்பர் வரை நீடித்தது. காற்றுப்பையும் பூட்டா பிரேக்கும் கட்டாயமாகவிருந்த 2014ஐ அதனால் தாண்ட முடியவில்லை.

அத்தனை பெரிய கண்ணாடியைத் தகட்டோடு இணைத்தது ஒரு ரப்பர்ப் பட்டை. ஒரு பள்ளத்தில் கண்ணாடி, மறு பள்ளத்தில் தகட்டின் உதடு. அந்த உதடு ஒற்றைத் தகடன்று. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளிப் பற்றவைப்பில் இணைந்தது. ஆண்டுகள் செல்ல ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. வளைவு அதிகமுள்ள மூலைகளில் முதலில் விலகுகிறது. கண்ணாடியில் வழியும் மழை அங்கே இறங்கி, வெளியேற வழியின்றித் தங்குகிறது. ஐரோப்பியக் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பும் அதனுடன் சேர்கிறது.

தங்கிய நீர் என்ன செய்யும் என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் எளிய சோதனையில் காட்டினார். இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர். துளியின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுப்பகுதிக்குக் குறைவாக. கரைவது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி. காற்றுப் பட்ட இடம்தான் துருப்பிடிக்கும் என்ற நம் எண்ணத்துக்கு இது நேர்மாறானது. ரப்பருக்கு அடியில் நடப்பதும் இதுவே. வெளியே தெரியும் ஓரம் பளபளப்பாக இருக்க, காற்று எட்டாத ஆழத்தில் தகடு கரைகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். அது வீங்கி ரப்பரை மேலே தள்ளுகிறது. இடைவெளி பெரிதாகி இன்னும் நீர் வருகிறது. வண்ணப்பூச்சில் முதல் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும்.

இங்கேதான் உரிமையாளரின் மனச்சாட்சி சோதிக்கப்படுகிறது. எளிய வழிகள் உண்டு. கொப்புளத்தைச் சுரண்டிப் பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடிக்கலாம். ஒரு மழைக்காலம் தாங்கும். ரப்பரின்மேல் சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைக்கலாம். இது அதைவிட மோசம். சாதாரண சிலிக்கான் உலரும்போது புளிக்காடி வாடை வருமே, அது அசெட்டிக் அமிலம். இரும்புக்கு அமிலத்தையும் ஊட்டி, உள்ளிருக்கும் நீருக்குக் கதவையும் அடைத்துவிடுகிறோம். விற்பதற்காகச் செப்பனிடப்பட்ட பல வேன்களின் அழகு இந்த வகை. வாங்குபவர் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

நேர்மையான வழி நீண்டது. பழைய ரப்பரை அறுத்துக் கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும். நல்ல இரும்பு கண்ணில் படும்வரை துருவை வெட்ட வேண்டும். விரலகலக் கொப்புளம் சாண் அகலத் துளையாகும் அதிர்ச்சி பெரும்பாலும் இங்கேதான். மூலையின் வளைவுக்கேற்ப அடித்து வடித்த புதுத் தகட்டை வைத்து, சூட்டில் நெளியாதபடி விட்டுவிட்டுப் பற்றவைக்க வேண்டும். உதட்டின் தடிப்பும் வளைவும் பழையபடி அமையாவிட்டால் ரப்பர் உட்காராது. வெட்ட முடியாத குழிகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் மிச்சத் துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறும். அதன்மேல் துத்தநாகப் பிரைமர், இணைப்புகளில் அடைப்புப் பசை, வண்ணம், உள்ளறைகளில் மெழுகு. இவற்றில் ஏறத்தாழ எல்லாமே ரப்பர் ஏறியதும் மறைந்துவிடும். பட்டி பார்த்த வண்டியும் இந்த வண்டியும் அன்று மாலை ஒன்றுபோலத்தான் தெரியும்.

மூலைக்கு மூலை, கதவுக்குக் கதவு இப்படி வெட்டி மாற்றினால் இறுதியில் நிற்பது பழைய வேன்தானா என்று சிலர் கேட்பதுண்டு. ஆலையிலிருந்து வந்த தகடுதான் வேன் என்றால், அந்த வேன் என்றைக்கோ கரைந்துபோயிருக்கும். பிழைப்புக்கான வண்டியாகச் செய்யப்பட்டது இது. அரை நூற்றாண்டு தாண்டி ஓட வேண்டும் என்று யாரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். பொன்னின் பெயரும் நோர்ட்ஹோஃபின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளை இந்த வண்டிகளுக்குக் கொடுத்தவர்கள், ரப்பருக்கு அடியில் யாரும் பார்க்காத தகட்டை ஒழுங்காகப் பற்றவைத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய வேலை அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றுபவருக்கு மட்டுமே தெரியவரும்.

கடைசி வேலை கண்ணாடியை ஏற்றுவது. ஒருவரால் ஆகாது. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றைப் பதித்து, சோப்புநீர் தடவி, வேனின் முகத்தில் நிறுத்துவார்கள். வெளியே இருப்பவர் உள்ளங்கையால் மெல்லத் தட்டி அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுப்பார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகட்டின் உதட்டைத் தாண்டி உட்காரும். நடுவே கண்ணாடி இருப்பதால் பேச்சு சரியாகக் கேட்காது. கையசைவிலேயே வேலை நடக்கும். கீழ்மூலை வரும்போது மட்டும் இருவரும் சற்று நிதானிப்பார்கள்.