கூட்டிலிருந்து கூட்டுக்கு... ஒராங்குட்டான்களின் பின்னாலேயே நடக்கும் மனிதர்கள்!

2024 மே மாதம் ஒரு ஒராங்குட்டானின் போட்டோ உலகம் முழுக்க வைரல் ஆனது. உங்க டைம்லைன்லயும் வந்திருக்கலாம். அதன் பெயர் ராகுஸ். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், சுவாக் பாலிம்பிங் என்ற சதுப்புக் காட்டில் வாழும் ஆண். 2022 ஜூன் மாதம் அதன் முகத்தில், வலது கண்ணுக்குக் கீழே பெரிய காயம். ராகுஸ் என்ன செய்தது தெரியுமா? 'அகார் கூனிங்' என்று அந்த ஊர் மக்கள் சொல்லும் ஒரு கொடியின் இலைகளைப் பறித்து மென்றது. விழுங்கவில்லை. வாயில் ஊறிய சாற்றை விரலால் தொட்டுத் தொட்டுக் காயத்தின் மேல் தடவியது. 7 நிமிடம் இப்படித் தடவிவிட்டு, கடைசியில் மென்ற இலையையே பத்து போடுவது போல அப்பிக்கொண்டது. 5 நாளில் காயம் மூடிவிட்டது. ஒரு மாதத்துக்குள் லேசான தழும்பு மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கொடியை அந்தப் பகுதி மக்களும் நாட்டு மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். காட்டு விலங்கு ஒன்று காயத்துக்கு மூலிகையை இப்படிப் பக்குவமாகத் தடவிக்கொண்டதைப் பதிவு செய்தது அதுவே முதல் முறை. 'குரங்கு டாக்டர்' என்று மீம்ஸ்கூட வந்தது.

சரி, ஒரு கேள்வி. ராகுஸ் இலையை மென்ற அந்த 7 நிமிடத்தில், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது யார்? அந்தக் காட்டில் 21 ஆண்டுகளில் 28,000 மணி நேரம் ஒராங்குட்டான்களைக் கவனித்திருக்கிறார்கள். அதுவரை ஒருமுறைகூட இப்படி ஒன்று நடந்ததாகக் குறிப்பு இல்லை. அந்த 28,000 மணி நேரமும் யாரோ ஒருவர் சேற்றில் நின்றிருக்கிறார். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றித்தான்.

அலாரம் அடிக்கும் நேரம்: விடியலுக்கு முன்

ஒராங்குட்டான் தினமும் சாயங்காலம் மரத்தின் மேல் கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பி, புதுசாக ஒரு கூடு கட்டிப் படுக்கும். ஆய்வுக் குழுவின் வேலை நேரமும் இந்தக் கூட்டை வைத்துத்தான். காலையில் அது கூட்டைவிட்டு எழும் முன் மரத்தடியில் இருக்க வேண்டும். சாயங்காலம் அடுத்த கூட்டில் படுத்த பிறகுதான் திரும்ப வேண்டும். அதாவது இருட்டில் போய், இருட்டில் வருவது. தலையில் டார்ச், முதுகில் பை, கட்டிய சோறு. ஒரே விலங்கின் பின்னால் தொடர்ச்சியாகப் பல நாள்கள் இப்படிப் போவார்கள்.

நடுவில் என்ன வேலை? பெரும்பாலான ஆய்வுத் தளங்களில் 2 நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச் 'பீப்' அடிக்கும். அந்த நொடியில் ஒராங்குட்டான் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். சாப்பிடுகிறதா, நகர்கிறதா, ஓய்வா? எந்த மரம்? பழமா, இலையா, பட்டையா? எவ்வளவு உயரம்? பக்கத்தில் யார்? ஒரு நாளைக்கு இப்படி 300-க்கும் மேற்பட்ட பதிவுகள். போர் அடிக்குமா என்றால், அடிக்கும். மழை பெய்தாலும், அட்டை கடித்தாலும், அந்த விலங்கு 3 மணி நேரம் ஒரே கிளையில் தூங்கினாலும் வாட்ச் அடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், ஒராங்குட்டானைக் கண்டுபிடிப்பதே. சிம்பன்சி மாதிரி இது கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு திரியாது. பெரும்பாலும் தனியாகவோ, குட்டியோடு தாயாகவோ உயரத்தில் அமைதியாக இருக்கும். கிளை முறியும் சத்தம், பழத்தோல் கீழே விழும் சத்தம், இவைதான் துப்பு. இதைக் காதால் பிடிப்பதில் உள்ளூர்க் கள உதவியாளர்களை மிஞ்ச ஆள் இல்லை. டாக்டர் பட்டத்துக்காக வரும் மாணவர், மர்மக் கதையில் வரும் புது போலீஸ்காரர் மாதிரி முதல் சில மாதம் அவர்கள் பின்னால்தான் ஓட வேண்டும்.

மனிதரைப் பார்த்துப் பழகாத ஒராங்குட்டான் என்றால் வரவேற்பே வேற மாதிரி. உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போலச் சத்தம் போடும். அது முத்தமில்லை, 'கிளம்பு' என்று அர்த்தம். அப்புறம் காய்ந்த கிளைகளை உடைத்து நேராகத் தலைக்கு எறியும்.

சிறுநீரும் கீட்டோ டயட்டும்

காலையில் கூட்டை விட்டு எழுந்ததும் ஒராங்குட்டான் செய்யும் முதல் வேலை, நாம் எல்லோரும் செய்வதுதான். கீழே நிற்பவர்கள் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். சிரிக்காதீங்க, ஒராங்குட்டான் ஆராய்ச்சியின் முக்கியமான கண்டுபிடிப்புகள் சில இந்த ஷீட்டில் இருந்துதான் வந்தன.

போர்னியோ தீவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது குனுங் பாலுங் தேசியப் பூங்கா. அமெரிக்க மானுடவியலாளர் செரில் நாட் 1994-ல் அங்கே ஒராங்குட்டான் ஆய்வைத் தொடங்கினார். மயக்க ஊசி போடாமல், ரத்தம் எடுக்காமல், சிறுநீரை மட்டும் வைத்து ஹார்மோன்களையும் உடல்நிலையையும் அளக்கலாம் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்தக் காட்டு மரங்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து காய்த்துக் கொட்டும். பிறகு மாதக்கணக்கில் பஞ்சம். காய்க்கும் காலத்தில் ஒராங்குட்டான் வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. பஞ்ச காலத்தில் பட்டையையும் இலையையும் தின்று காலம் தள்ளுகிறது. அந்த நேரத்துச் சிறுநீரில் நாட் கண்டது, கீட்டோன். உடல் தன் கொழுப்பையே எரித்து உயிர் வாழ்கிறது என்பதற்கான அடையாளம். நம்ம ஊரில் எடை குறைக்க கீட்டோ டயட் இருக்கிறவர்கள் ஸ்டிரிப் வைத்துச் சோதிப்பது இதே கீட்டோனைத்தான். அவர்களுக்கு அது டயட், இதற்கு அது பட்டினி.

இதில் என்ன பெரிய விஷயம்? நல்ல சாப்பாடு கிடைக்கும் காலத்தில்தான் பெண் ஒராங்குட்டானின் உடல் கருத்தரிக்கத் தயாராகிறது என்பது அந்த ஹார்மோன் அளவுகளில் தெரிந்தது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே 7, 8 ஆண்டுகள் இடைவெளி. பாலூட்டிகளிலேயே மிக நீண்ட இடைவெளிகளில் இது ஒன்று. அப்படியிருக்க, பழ மரங்களை வெட்டினால் அடுத்த தலைமுறைக்கே வெட்டு விழுகிறது. 'காடு வேண்டும்' என்று பொதுவாகச் சொல்வதற்கும், எந்த மரம் ஏன் வேண்டும் என்று கணக்கோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நாட்டின் கணவர் டிம் லேமன், உயிரியலாளர், புகைப்படக் கலைஞர். அத்திப்பழம் தேடி ஒராங்குட்டான் ஒன்று உயர்ந்த மரத்தில் ஏறுவதை உச்சியிலிருந்து பார்ப்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற படம், அவருக்கு 2016-ன் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் விருதை வாங்கிக் கொடுத்தது. அதற்காக மரத்தின் மேல் ஏறி கேமராக்களைக் கட்டிவிட்டு, கீழே இறங்கிவந்து காத்திருந்து தூரத்திலிருந்து இயக்கினார்.

1971-ல் இறங்கியவர்கள்

இந்தத் துறைக்குப் பெரிய முகவரி கொடுத்தவர் பிருட்டே கால்டிகாஸ். லிதுவேனியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்து, கனடாவில் வளர்ந்தவர். சிம்பன்சிக்கு ஜேன் குடால், கொரில்லாவுக்கு டயான் ஃபாஸி, ஒராங்குட்டானுக்கு கால்டிகாஸ். மூவரையும் காட்டுக்கு அனுப்பியதில் லூயிஸ் லீக்கி என்ற ஒரே அறிஞருக்குப் பங்குண்டு. 1971-ல், 25 வயதில், கணவர் ராட் பிரிண்டமூருடன் போர்னியோவின் தஞ்சுங் புத்திங் காட்டுக்குப் போய் இறங்கினார் கால்டிகாஸ். ரோடு இல்லை, கரன்ட் இல்லை, போன் இல்லை. தங்கிய குடிசைக்கு வைத்த பெயர் 'கேம்ப் லீக்கி'.

அதே 1971-ல் சுமத்ராவின் கெதாம்பே காட்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் ரெய்க்சன் இன்னொரு ஆய்வு நிலையம் தொடங்கினார். ஆரம்பக் கதையில் வருபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டினர்தான். ஆனால், கதை அங்கேயே நிற்கவில்லை.

ஜகார்த்தாவின் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஶ்ரீ சுசி உதாமி அத்மோகோ, இந்தோனேசியர். கெதாம்பேயில் ஆண் ஒராங்குட்டான்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர். ஆண்களில் இரண்டு வகை உண்டு. பெரிய உடலும், தட்டு போன்ற கன்ன மடல்களும் கொண்ட 'பெரியவர்' ஒருவகை. வயது வந்தும் கன்ன மடல் வளராமல் சின்ன உருவத்திலேயே இருப்பது இன்னொரு வகை. பெரியவர்தான் குட்டிகளின் அப்பா என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அத்மோகோவும் சகாக்களும் மரபணுவைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவு வேறு: ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு அப்பா, அந்தச் சின்ன உருவ ஆண்கள்தான்!

அடுத்த ஆண்டு, 2003-ல், நெதர்லாந்து ஆய்வாளர் கேரல் வான் ஷைக் தலைமையில் ஒரு முக்கியமான வேலை நடந்தது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் 6 தளங்களில் வேலை செய்தவர்கள் தங்கள் குறிப்பு நோட்டுகளை ஒரே மேசையில் வைத்தது போல ஒப்பிட்டார்கள். ஓர் இடத்து ஒராங்குட்டான்கள் செய்வதை இன்னோர் இடத்தில் செய்வதில்லை. சுவாக்கில் குச்சியைக் கருவியாக்கி, அரிக்கும் ரோமம் நிறைந்த நீசியா பழத்திலிருந்து விதையை எடுக்கின்றன. இப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்ற 24 வழக்கங்களைப் பட்டியல் போட்டார்கள். ஆளுக்கொரு காட்டில் தனித்தனியாக எழுதிய நோட்டுகள் சேர்ந்ததால்தான் ஒராங்குட்டானுக்கும் 'பண்பாடு' உண்டு என்று சொல்ல முடிந்தது.

காடு மட்டும் எரியவில்லை

இந்த வேலையில் ஆபத்து புலி, பாம்பு மட்டும் இல்லை. சுவாக் பாலிம்பிங் இருப்பது ஆச்சே மாகாணத்தில். அங்கே உள்நாட்டு மோதல் முற்றியதால் 1999-ல் ஆய்வு நின்றுபோனது. மறுபடி தொடங்க 2007 ஆனது. நடுவில் போன ஆண்டுகளின் குறிப்புகள் என்றைக்கும் கிடைக்காது.

மத்திய கலிமந்தானில் துவானன் என்ற தளம் 2003-லிருந்து இயங்குகிறது. அங்கே மண்ணே வேற மாதிரி. மக்கிய இலையும் வேரும் மீட்டர் கணக்கில் படிந்த 'பீட்' நிலம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண்ணே விறகாகிவிடும். 2015-ல் இந்தோனேசியாவில் லட்சக்கணக்கான ஹெக்டேர் எரிந்து, வாரக்கணக்கில் புகை சூழ்ந்தது. அந்தப் புகையிலும் துவானனில் குறிப்பெடுப்பது தொடர்ந்தது. வெண்டி எர்ப் என்ற ஆய்வாளரும் குழுவும் 4 பெரிய ஆண்களைப் புகைக்கு முன்னும், புகையின்போதும், பின்னும் கவனித்தார்கள். புகைக்குப் பிறகு அவை அதிகம் சாப்பிட்டும், அதிகம் ஓய்வெடுத்தும், உடலில் கொழுப்பு எரிவதற்கான அடையாளம் சிறுநீரில் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வில், அவற்றின் குரலே கரகரத்துப் போயிருந்தது தெரிந்தது. அவை சுவாசித்த அதே காற்றைத்தான் கீழே நின்றவர்களும் சுவாசித்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணினாலும் பிரச்னை

எத்தனை ஒராங்குட்டான் இருக்கிறது என்று எப்படி எண்ணுவது? அதையே பார்த்து எண்ண முடியாது. அதனால், காட்டில் நேர்க்கோட்டில் நடந்து பழைய கூடுகளை எண்ணுவார்கள். பல நிறுவனங்களின் ஆட்கள் இப்படி நடந்து சேர்த்த 36,000-க்கும் மேற்பட்ட கூடுகளின் கணக்கை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. 1999 முதல் 2015 வரை போர்னியோ தீவில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் குறைந்திருக்கும் என்றது அது. காடு அழிந்த இடங்களில் மட்டுமல்ல, காடு இருக்கும் இடங்களிலும் குறைந்திருந்தது. காரணம், வேட்டையும் கொலையும்.

2017-ல் சுமத்ராவின் பத்தாங் தோரு மலைக்காட்டில் இருப்பவை தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. பெயர், தபானுலி ஒராங்குட்டான். 800-க்கும் குறைவு. அந்த இனத்தை அடையாளம் காட்ட உதவிய மண்டையோடு, 2013-ல் மனிதர்களுடனான மோதலில் இறந்த ஆண் ஒன்றுடையது. இன்றைக்கு மூன்று இனங்களுமே அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலில் உள்ளன.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பிடிக்காது. 2022-ல், ஒராங்குட்டான் எண்ணிக்கை கூடிவருகிறது என்று இந்தோனேசிய அரசுத் தரப்பு சொன்னதை மறுத்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் 5 பேர் எழுதினார்கள். அவர்களை நாட்டின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஆய்வு செய்ய விடாமல் தடுத்தது சுற்றுச்சூழல் அமைச்சகம். வெளிநாட்டவர் கிளம்பிவிடலாம். அங்கேயே பிறந்து, அங்கேயே வேலை பார்க்கும் உள்ளூர் ஆய்வாளருக்கும் கள உதவியாளருக்கும் அந்த வசதி இல்லை.

உங்களுக்கும் ஆசையா?

'இந்த வேலைக்கு நான் போகலாமா?' என்று யோசிக்கிறீர்களா? உயிரியல், காட்டுயிரியல், மானுடவியல், எதிலிருந்தும் வரலாம். கொஞ்சம் புள்ளியியல் தெரிந்திருப்பது அவசியம். இந்தோனேசியாவில் ஆய்வு செய்ய வெளிநாட்டவருக்கு அரசு அனுமதியும், உள்ளூர் ஆய்வுக் கூட்டாளியும் வேண்டும். அங்கே பேசும் மொழியைக் கற்காமல் காட்டில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. சளி, காய்ச்சல் இருந்தால் காட்டுக்குள் விட மாட்டார்கள். நம்ம சளி ஒராங்குட்டானுக்கும் தொற்றும். குறைந்தது 10 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். குட்டியைத் தூக்கிக் கொஞ்சி செல்ஃபி எடுக்கும் வேலை இதில் கிடையவே கிடையாது. அப்படி ஒரு வீடியோ வந்தால், அது ஆராய்ச்சி இல்லை என்று தெரிந்துகொண்டு ஷேர் பண்ணாமல் கடந்துவிடுங்கள்.

போக முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்தமுறை 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்' என்று ஒரு செய்தி வந்தால், முடிந்தால் அந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். பலவற்றை இலவசமாகவே படிக்கலாம். எழுதியவர்கள் பட்டியலில் அந்த நாட்டுப் பெயர்கள் எத்தனை இருக்கின்றன? கடைசியில் வரும் நன்றிப் பகுதியில் கள உதவியாளர்களின் பெயர்கள் இருக்கின்றனவா? ஒராங்குட்டான் ஆய்வுகளில் இந்தப் பெயர்கள் முன்பைவிட இப்போது கூடிவருகின்றன. முன்பு நன்றியில் ஒரு வரியாக நின்றவர்கள், இப்போது எழுதியவர்கள் வரிசைக்கு வருகிறார்கள். ராகுஸ் இலை மென்றதை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான். பெயர்களைப் படிக்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.