விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பா? தூக்கிப் போடாதீங்க... ஒரு பென்டிரைவ் போதும்!

லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. ஆனால், விண்டோஸ் 11-க்கு மாற முயன்றால், 'இந்தக் கணினி அதற்குத் தகுதியானது அல்ல' என்று வந்து நிற்கிறது. அப்போ புதுசு வாங்கித்தான் ஆகணுமா? அவசியமில்லை. ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, லேப்டாப்பில் உள்ள எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். அது எப்படி, எங்கே கவனம் தேவை என்பதைப் பார்ப்போம்.

ஏன் இப்போது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக லேப்டாப் நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். அந்த லேப்டாப்பில் நெட் பேங்கிங் செய்பவர்களுக்கு இது ஆபத்து.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இடம் ஆகியவை தேவை. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். ஆனால், இலவசமாகக் கிடைக்கும் 'லினக்ஸ் மின்ட்' 2 ஜிபி ரேமிலேயே ஓடும். 4 ஜிபி இருந்தால் இன்னும் வசதி.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் ஒன்றும் புதுசு இல்லை. அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது.

பூட்டபிள் பென்டிரைவ் என்றால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தை டவுன்லோடு செய்தால் 'ஐஎஸ்ஓ' என்ற ஒரே ஃபைலாக வரும். அதை பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் வேலைக்கு ஆகாது. லேப்டாப்பை ஆன் செய்ததும், அது முதலில் தேடுவது தன்னைத் தொடங்கி வைக்கும் பூட் ஃபைல்களைத்தான். ஐஎஸ்ஓ-வுக்குள் இருக்கும் அந்த ஃபைல்களைப் பிரித்து, உரிய இடத்தில் எழுதி வைத்தால்தான் அது 'பூட்டபிள்' ஆகும். அந்த வேலையைச் செய்ய ரூஃபஸ், பலேனா எட்சர், வென்டாய் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. இங்கே ரூஃபஸ் வழியைப் பார்க்கலாம்.

என்னென்ன தேவை?

* 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ். அதில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். முக்கியமான போட்டோ இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.
* லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ ஃபைல். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும் என்பதால் வைஃபை நல்லது. பழைய லேப்டாப் என்றால் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலகுவான பதிப்பைத் தேர்வு செய்யலாம்.
* ரூஃபஸ் மென்பொருள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பதிப்பும் இருக்கிறது.

செய்முறை

1. மற்ற பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தவறான டிரைவைத் தேர்வு செய்து மொத்தத்தையும் இழக்கும் ஆபத்து இங்கேதான்.

2. ரூஃபஸைத் திறந்து, 'டிவைஸ்' பகுதியில் உங்கள் பென்டிரைவ்தான் இருக்கிறதா என்று பெயரையும் அளவையும் பாருங்கள்.

3. 'செலக்ட்' பட்டனை அழுத்தி ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டுங்கள்.

4. பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினால் 'ஷா-256' என்ற நீண்ட குறியீடு வரும். லினக்ஸ் மின்ட் இணையதளத்தில் கொடுத்துள்ள குறியீட்டோடு அது ஒத்துப்போக வேண்டும். இதைத் தவிர்க்காதீங்க. 2016 பிப்ரவரியில் அந்த இணையதளத்தையே ஹேக்கர்கள் ஊடுருவி, தீங்கான ஐஎஸ்ஓ-வுக்கு லிங்க் வைத்த சம்பவம் நடந்திருக்கிறது.

5. 'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில், யுஇஎஃப்ஐ உள்ள லேப்டாப் என்றால் 'ஜிபிடி', அதற்கு முந்தைய பயாஸ் முறை என்றால் 'எம்பிஆர்' தேர்வு செய்யுங்கள்.

6. 'ஸ்டார்ட்' கொடுங்கள். எந்த முறையில் எழுத வேண்டும் என்று கேட்டால் 'ஐஎஸ்ஓ இமேஜ் மோடு' போதும். அப்படிச் செய்தும் பூட் ஆகவில்லை என்றால், மறுமுறை 'டிடி மோடு' முயற்சி செய்யலாம்.

லேப்டாப்பில் எப்படி பூட் செய்வது?

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, பென்டிரைவைச் செருகி ஆன் செய்யுங்கள். உடனே பூட் மெனுவுக்கான கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். மாடலுக்கு மாடல் இது மாறலாம். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்வு செய்யுங்கள்.

பூட் ஆக மறுத்தால் பயாஸ் செட்டிங்கில் 'செக்யூர் பூட்'டை ஆஃப் செய்ய வேண்டி வரலாம். அதற்கு முன், உங்கள் லேப்டாப்பில் 'பிட்லாக்கர்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயைக் குறித்து வையுங்கள். பூட் செட்டிங் மாறினால் விண்டோஸ் அந்த கீயைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

இன்ஸ்டால் செய்யாமலே பார்க்கலாம்

இப்போது திரையில் வருவது 'லைவ்' முறை. லேப்டாப் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கர், கேமரா, டச்பேட் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதிலேயே இருக்கும். ஷட் டவுன் செய்தால் நீங்கள் அங்கே சேமித்தது போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விண்டோஸ் திறக்காமல் மக்கர் செய்யும் லேப்டாப்பில் இருந்து போட்டோ, சான்றிதழ்களை மீட்கவும் இந்த பென்டிரைவ் உதவும். ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், லைவ் முறையில் ஃபைல்களைத் திறந்து வேறு டிரைவுக்கு காப்பி செய்துகொள்ளலாம்.

இந்த ஒரு இடத்தில் உஷார்

பிடித்துப்போய் இன்ஸ்டால் செய்ய முடிவெடுத்தால், 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு', 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற பொருளில் இரண்டு தேர்வுகள் வரும். இரண்டாவதைத் தேர்வு செய்தால் விண்டோஸ் மட்டுமல்ல, டி டிரைவில் உள்ள குடும்ப போட்டோக்களும் சேர்ந்தே போய்விடும். எதைத் தேர்வு செய்தாலும், அதற்கு முன் பேக்கப் எடுப்பது கட்டாயம்.

எல்லோருக்கும் இது சரிவருமா?

பிரவுசிங், ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், வீடியோ பார்க்க லினக்ஸ் தாராளமாகப் போதும். தமிழ்99 கீபோர்டு வசதியும் உண்டு. ஆனால், போட்டோஷாப், டேலி போன்ற விண்டோஸ் மென்பொருட்களை நேரடியாக நிறுவ முடியாது. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் விண்டோஸை அழிக்காமல் இருப்பதே நல்லது.

வேலை முடிந்த பிறகு பென்டிரைவை மறுபடி சாதாரணமாகப் பயன்படுத்த வேண்டுமா? ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்வு செய்து 'ஸ்டார்ட்' கொடுத்தால், பழைய மாதிரி காலி பென்டிரைவாக மாறிவிடும்.