மாத்திரை போதும் என்று யார் சொன்னது?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிறுத்தம் உண்டு. தினமும் அந்த வழியே கல்லூரிக்குப் போகிற பலர் அதை ஊர்ப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு காசநோய் மருத்துவமனையின் பெயர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கியது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. இவைதான் வைத்தியம். மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் படுத்திருக்க வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் யாரால் அப்படிப் படுத்திருக்க முடியும்? நம் பாட்டன் பூட்டன்களில் பலர் இருமியபடியே வேலை பார்த்து, இருமியபடியே செத்துப்போனார்கள்.

மருந்து வந்தது 1940களில். ஸ்ட்ரெப்டோமைசின் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 1948இல் வெளியானது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். இன்றைய மருத்துவ ஆய்வுகளுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி.

அடுத்த பெரிய கேள்வி எழுந்தது நம் சென்னையில். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தின. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நாட்டில் இருந்த படுக்கைகளைவிட நோயாளிகள் பல மடங்கு அதிகம். அப்படியானால் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணமாக்க முடியுமா?

சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்குப் பழைய குடிசை, பழைய கஞ்சி. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை.

இந்த ஆய்வை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. சானடோரியத்தின் கதவுக்கு வெளியே நின்ற கோடிக்கணக்கானவர்களுக்கு இதுவே வாசலைத் திறந்தது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இதன் மேல்தான் கட்டப்பட்டது. உலகம் முழுவதும் ஏழை நாடுகள் சென்னையைப் பார்த்துத்தான் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. மருந்துக்காக ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தைவிட்டுப் போக வேண்டியதில்லை என்று நிரூபித்தவர்கள், பெயர் எழுதப்படாத நம் சென்னை ஏழைகள்.

ஆனால் அந்த முடிவோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. நல்ல சாப்பாடு இல்லாமலே குணமாகிறது என்றால், சாப்பாட்டுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? மாத்திரை போதும். இந்த எண்ணம் அறுபது ஆண்டுகள் நம் திட்டங்களை ஆண்டது.

இங்கேதான் இளைய தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஓர் ஆய்வு தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். 1956இல் கேட்ட கேள்வி, மருந்து கொடுத்தால் ஓராண்டில் சளியிலிருந்து கிருமி போகுமா என்பது. அதற்குச் சரியான பதில் கிடைத்தது. இந்த மனிதர் ஏன் நோயில் விழுந்தார், அந்த வீட்டில் அடுத்து யார் விழுவார், அதில் வயிற்றுப் பசிக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. மேலும், 193 பேரை வைத்துச் சாவு எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தை அளக்கவும் முடியாது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நோய் வராமல் தடுக்கும் முயற்சியும் நம் மண்ணில்தான் நடந்தது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்ததும் போடுகிறோம். பெரியவர்களுக்கு அந்த அரண் இல்லை.

கிருமி யாரையும் தொற்றும். தொற்றியவர்களில் நோயாளி ஆகிறவர் யார் என்பதைத் தீர்மானிப்பது சாப்பாடு, நெரிசல், தூசு. ஒரே அறையில் ஆறு பேர் படுப்பது எந்தத் தெருவில், கல்குவாரித் தூசைச் சுவாசிப்பது யார், சாக்கடையில் இறங்குவது யார் என்று கேட்டால், பதிலில் சாதி வந்து நிற்கும்.

நாங்கள் களப்பணியில் பார்க்கும் வீடுகளில் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டிருக்கிறோம். "வெறும் வயித்துல போட்டா குமட்டுது. சாப்பிட்டுப் போடலாம்னா சாப்பாடு எங்க இருக்கு?" என்றார் ஓர் அக்கா. பதிவேட்டில் அவர் 'ஒழுங்காக மருந்து எடுக்காதவர்'.

கேட்கப்படாத கேள்வி 2019இல் ஜார்க்கண்டில் கேட்கப்பட்டது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில், நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளும் அவர்களது குடும்பத்தார் 10,345 பேரும் பங்கெடுத்தார்கள். குடும்பத்தாரில் மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற ஆதிவாசிகள். மூன்றில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவு. நோயாளிகளிலோ ஐந்தில் நான்கு பேருக்கு.

எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கிடைத்தன. 2023இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறிய நோயாளிகளுக்குச் சாவின் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பூசி போல வேலை செய்தன. இந்த ஆய்வில் பங்கெடுத்த நிறுவனங்களில் ஒன்று, சேத்துப்பட்டின் அதே மையம். இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியும் கோபமும் சேர்ந்தே வந்தன. பசித்தவனுக்குச் சோறு போட்டால் நோய் குறையும் என்பதற்கு ஆய்வுச் சான்று தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சான்றுக்காக, 4,700க்கும் மேற்பட்டோர் கூடுதல் உணவு பெறாத பிரிவில் இருந்தார்கள். அவர்களில் 122 பேருக்கு நோய் வந்தது. ஆய்வாளர்கள் இருந்ததை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அரசு ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டியதைத்தான் அவர்கள் அளந்து காட்டினார்கள். குற்றம் அறுபது ஆண்டுகள் கேட்காமல் இருந்தவர்களுடையது.

ஆய்வு என்றாலே நம் மக்கள் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஆதிவாசிச் சிறுமிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டார்கள். 2010இல் அது நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான். நம் பிள்ளைகளின் கையெழுத்தை வேறொருவர் போடலாம் என்று நினைத்ததுதான் சாதியப் புத்தி.

ஆகவே, ஆய்வே வேண்டாம் என்று சொல்வது நமக்கு நல்லதல்ல. ஆய்வுகள் இல்லையென்றால் நாம் இன்னும் சானடோரியத்தின் வாசலில்தான் நின்றிருப்போம். நாம் கேட்க வேண்டியவை வேறு. கேள்வியை யார் எழுதுகிறார்கள்? ஒப்புதலை நம் மொழியில், நம்மிடமே கேட்டார்களா? முடிவு வந்தபின் அதன் பலன் ஆய்வு நடந்த தெருவுக்கு வந்ததா?

காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018இல் வந்தது. 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. உங்கள் பகுதியில் அது கைக்கு வருகிறதா என்று இந்த வாரமே நான்கு வீடுகளில் கேளுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் காகிதத்தோடு நாம் எழுந்து நிற்போம்.

ஜெய் பீம்.